பண்டிதர்கள் நாணிக் கேட்ட பாட்டு

தமிழ் கற்றோரிடத்தே ஒரு வழக்கம் உண்டு. அவையில் ஒன்றைப் போற்றுவர். தனிமையில் வேறொன்றைப் பாடுவர். பலர் அறியக் கம்பனையும் சேக்கிழாரையும் எடுத்தோதும் நா, குளிக்கும்போதும் வழி நடக்கும்போதும் தெருப்பாட்டு ஒன்றை முணுமுணுக்கும். யாரேனும் எதிர்ப்பட்டால் அந்த முணுமுணுப்பு நின்றுவிடும். தாம் விரும்புவதைத் தாமே ஒளிக்கும் இந்நாணம் கற்றோர்க்கே உரியது. கல்லாதார்க்கு இஃது இல்லை. அவர் விரும்பியதை விரும்பியவாறே பாடிச் செல்வர்.

சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் புலவரை இவ்வாறு நாணச் செய்த பாட்டுக்களுள் தலையாயது நந்தன் சரித்திரக் கீர்த்தனை. இலக்கணம் கற்றோர் அதிற் பிழை கண்டனர். புராணம் கற்றோர் அதில் மாறுபாடு கண்டனர். கண்டவர்களே அதைக் கேட்டுக் கண்ணீரும் வடித்தனர். அக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாறு நம் மாணவர் பலருக்குத் தெரியாது. பாட்டு வாழ, பாடியவர் பெயர் பின்னுக்குப் போயிற்று. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில், 1811ஆம் ஆண்டளவில் பிறந்தவர். தந்தையார் இராமசுவாமி பாரதியார். தலைமுறை தலைமுறையாக இசை பயின்ற குடும்பம் அது. பாரதி என்னும் பட்டமும் குடிவழியாக வந்ததே. இளமையை முடிகொண்டான் என்ற ஊரிற் கழித்தார். பின்னர் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்தார். இக்காலத்தில் மயிலாடுதுறை என வழங்கும் ஊரே அம்மாயூரம்.

மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் வேதாந்த நூல்களைப் பாடங்கேட்டார். இசையார்வம் அவரைத் திருவிடைமருதூருக்கு ஈர்த்தது. அங்கே தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தவரின் ஆதரவில் இசைவாணர் பலர் தங்கியிருந்தனர். கனம் மார்க்கத்தில் வல்ல கனம் கிருஷ்ணையரின் பாட்டைப் பாரதியார் அங்கே கேட்டுப் பயன் பெற்றார். இராமதாசர் என்னும் வித்துவானிடம் இந்துஸ்தானி இசையையும் பயின்றார். இவ்வாறு தென்னாட்டு இசையும் வடநாட்டு இசையும் வேதாந்தமும் ஒருவரிடத்தே வந்து கூடின. இல்வாழ்க்கையை அவர் நாடவில்லை. திருமணம் செய்யாது, பொருள் தேடாது, ஆதரித்த அன்பர் இல்லங்களில் தங்கி, சிவபூசையும் யோகமுமாகக் காலம் கழித்தார். தில்லைக் கூத்தனே அவருடைய உள்ளத்தில் நிறைந்திருந்தான். அவருடைய தனிக் கீர்த்தனைகளிற் பெரும்பாலன அப்பெருமானையே பாடுவன.

அக்காலத்திலே திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் பெரும்புகழுடன் விளங்கினார். பாரதியார் அவரைக் காணச் சென்றதாக ஒரு வரலாறு வழங்குகின்றது. சுவாமிகளின் மாணாக்கர் அப்போது ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். வந்தவர் இன்னாரென அறிந்த சுவாமிகள், அந்த இராகத்தில் ஏதேனும் செய்ததுண்டோ என வினவினாராம். பாரதியார் அப்போது ஒன்றும் கூறவில்லை. அடுத்த நாள், ஆபோகியில் தில்லைச் சபாபதியைப் பற்றிய புதுக் கீர்த்தனை ஒன்றைக் கொணர்ந்து பாடிச் சுவாமிகளை மகிழ்வித்தார். இன்றும் இசையரங்குகளில் ஆபோகி என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது அத்தமிழ்ப் பாட்டேயாகும்.

இசையுலகம் இவ்வாறு மதித்த ஒருவரைத் தமிழ்ப் புலவருலகம் ஏன் தயங்கி ஏற்றது? விடை காணவேண்டின் நந்தன் சரித்திரத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

திருநாளைப்போவார் என்னும் நந்தனார் வரலாறு சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத்தொகையில் பெயரளவாய் நிற்பது. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் விரிவது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் முழுமை பெறுவது. சேக்கிழார் காட்டும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்தவர். கோயில்களில் முழங்கும் பேரிகை முதலியவற்றுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டினர். திருப்புன்கூரில் நந்தி விலக இறைவனைக் கண்டவர். அவ்வூரிற் குளமும் அகழ்ந்தவர். தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாளும் எண்ணி, இறுதியிற் சென்று, எரியிற் புகுந்து முனிவராய் வெளிப்பட்டு மன்றினுள்ளே மறைந்தவர். அவர் தில்லை செல்லத் தயங்கியது தம் குலத்தை எண்ணி. தடுத்தவர் வேறொருவர் இலர்.

பாரதியார் இவ்விடத்திலேதான் மாறினார். அவருடைய நந்தனுக்கு ஓர் ஆண்டை உண்டு. வயலும் மாடும் ஆளும் தமதெனக் கொண்ட வேதியர் அவர். நந்தன் தில்லை செல்ல விடை கேட்கின்றான். வேதியர் சினக்கின்றார், ஏசுகின்றார். பிறகு, நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஆகாத நிபந்தனை ஒன்றை விதிக்கின்றார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேற்பட்டது. நாற்பது வேலியோ ஓர் ஊரின் விளைநிலம். இறைவன் அருளால் ஓரிரவிலே பயிர் விளைந்து நிற்கின்றது. கண்ட ஆண்டை தம் அடிமையின் அடியிலேயே விழுகின்றார்.

சேக்கிழார் கூறாத இந்த ஆண்டையைப் பாரதியார் எங்கிருந்து பெற்றார்? தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அவர் வாழ்ந்த காவிரி நாட்டிலே அத்தகைய ஆண்டைகள் ஊர்தோறும் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து ஆளையும் உடைமையாக எண்ணும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நிலவியது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியது. ஆயினும் பண்ணையாளின் வாழ்வு ஒரு சட்டத்தால் மாறிவிடவில்லை. பாரதியார் வேதியர் குலத்திற் பிறந்தவர். தம் குலத்தவர் ஒருவரையே கொடுமைக்குரியவராக நிறுத்தி, கதையின் முடிவில் அவரைப் பண்ணையாளின் காலில் விழச் செய்தார். அதனை வேதியர் வீட்டுத் திண்ணைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் பாடினார், அவர்களும் கேட்டனர்.

இனி மொழிநடை. செய்யுள் நடையில் அமைந்த புராணத்தை விட்டு, நொண்டிச் சிந்து, கண்ணி, இலாவணி, தண்டகம் என மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களையெல்லாம் பாரதியார் எடுத்தாண்டார். பண்ணைச் சேரியின் பேச்சும் அக்கிரகாரத்தின் பேச்சும் பாட்டிலே கலந்தன. புணர்ச்சி விதி சில இடங்களிற் பிறழ்ந்தது. வினைமுடிபு சில இடங்களிற் பேச்சு வழக்காயிற்று. இலக்கணம் வல்லார்க்கு இவை முள்ளாய்க் குத்தின.

அவ்வாறு குத்துண்டவருள் முதல்வர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815இல் தோன்றி, தலபுராணங்கள் பலவற்றை இயற்றி, திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவானாய் விளங்கிய அப்பெருமான் அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்தார். பாரதியாரும் அவ்வூரினரே. நந்தன் சரித்திரத்தை அச்சிட முனைந்தபோது, பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் ஒன்று பெறவேண்டுமெனப் பாரதியார் விரும்பினார். அக்காலத்திலே பெரும்புலவர் ஒருவரின் பாயிரம் இல்லாத நூல் தாலி இல்லாத பெண் போன்றது. பாரதியார் சென்று கேட்டார்; பிள்ளையவர்கள் காலங்கடத்தினார். மீண்டும் சென்றார், மீண்டும் அவ்வாறே. இயல்பிலே இரக்கமும் வண்மையும் மிக்க பிள்ளையவர்கள் வெளிப்படையாக மறுக்கவும் இல்லை. பிழைபட்ட நூலுக்குப் பாயிரம் கொடுத்தல் புலமைக்கு இழுக்கு என்பதும், சேக்கிழார் வாக்குக்கு மாறான கதைக்குத் தாம் சான்று நிற்றல் தகாது என்பதும் அவர் கருத்து.

ஒரு நாள் நண்பகல். பிள்ளையவர்கள் உணவுண்டு உள்ளே படுத்திருந்தார். வந்த பாரதியார் அவரை எழுப்பாது திண்ணையில் அமர்ந்து, தம் நந்தன் பாட்டுக்களைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். பாயிரம் வேண்டிப் பாடியதன்று. காத்திருக்கும் பொழுதைப் போக்கப் பாடியது. பாடப்பாடத் தம்மை மறந்தார், நந்தனாகவே ஆனார். உள்ளே படுத்திருந்த புலவர் செவியில் பாட்டு விழுந்தது. அங்கே பிழை பார்க்க ஏடு இல்லை; மாறுபாடு காட்ட மாணாக்கரும் இல்லை. ஒரு குரலும் அதன் ஏக்கமுமே இருந்தன. பிள்ளையவர்களின் உள்ளம் உருகிற்று, கண்ணீர் பெருகிற்று. எழுந்து வெளியே வந்தார். இத்தனை நாள் அலைய வைத்ததற்கு வருந்தி, பாரதியார் கேட்டு வந்த சிறப்புப்பாயிரச் செய்யுளைப் பாடிக் கொடுத்தார். அச்செய்யுளோடேயே நூல் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியை நமக்கு எழுதி வைத்தவர் பிள்ளையவர்களின் தலைமாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1871இல் அவர் மாயூரம் வந்து பிள்ளையவர்களிடம் பாடம் கேட்கத் தொடங்கியபோது, தந்தையாரின் விருப்பப்படி பாரதியாரிடம் இசையும் பயின்றார். தந்தையார் கனம் கிருஷ்ணையரின் மாணாக்கர். மகனும் இசை வல்லவனாதல் வேண்டுமென எண்ணியவர். இசைப் பயிற்சியின் செய்தி சில நாளிற் பிள்ளையவர்கள் செவிக்கு எட்டிற்று. இசையில் மனம் சென்றால் இலக்கிய இலக்கணங்களில் அறிவு ஆழாது என்பது அவர் கொள்கை. ஆசிரியர் குறிப்பறிந்த மாணாக்கர் பாரதியாரிடம் செல்வதை நிறுத்திவிட்டார்.

திண்ணைப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டவரும், மாணாக்கனை அப்பாட்டிலிருந்து விலக்கியவரும் ஒருவரே. இதனை முரண்பாடு என்று சிலர் கூறலாம். எனக்கு அது தமிழ்ப் புலமை மரபின் உண்மை நிலையாகவே தோன்றுகின்றது. தாம் சுவைத்ததைத் தம் மாணாக்கன் சுவைக்கலாகாது என்பது ஆசிரியர்களின் பழைய வழக்கம். சுவை தம்மை வென்றுவிட்டது என்பதை அவர்கள் அறிவர். இளைஞனை எளிதில் வென்றுவிடும் என அஞ்சுவர். சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளில் ஆழ்ந்து சங்க நூல்களை மீட்டுத் தந்தார். அவ்வகையிற் பிள்ளையவர்கள் அஞ்சியது வீண் என்று கூறுதலும் எளிதன்று. ஆயினும் அம்மாணாக்கர் இழந்த இசையை மறக்கவில்லை. எண்பதாண்டு கடந்த முதுமையிலே, 1936இல், கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார். இன்று பாரதியாரைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அந்நூல் தந்ததே.

நந்தன் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாயிருந்த சீசே என்பவர் பாரதியாரின் பாட்டைக் கேட்டு வியந்து அதனை அச்சிட உதவினார். தமிழ் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத அவருக்கு அதனைக் கேட்டு மகிழ்வதில் நாணம் இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. பாரதியார் திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் சரித்திரங்களையும் கீர்த்தனைகளாகச் செய்தார். அவை நந்தன் சரித்திரம் போலப் பரவவில்லை. கதாகாலட்சேபம் செய்வோர் நந்தனையே பாடினர். நாடகத்தார் நந்தனையே ஆடினர். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகத் திரையில் தோன்றினார். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த நந்தனார் படம் வெளிவந்தது. கிராமபோன் இசைத்தட்டுக்கள் இப்பாட்டுக்களைக் கடல் கடந்தும் கொண்டு சென்றன.

யாழ்ப்பாணத்திலே இசைநாடக மேடைகளும் கோயிற் கதாப்பிரசங்கங்களும் நந்தனை வீடுதோறும் சேர்த்தன. ஆயினும் இங்கே பண்டிதர் நிலை ஒருவகையில் இன்னும் இடர்ப்பட்டது. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். சேக்கிழாரின் வழி பிறழாத அவ்வசனம் நம் பள்ளிக்கூடங்களின் பாடநூலாயிற்று. எனவே பகலில் வகுப்பிலே திருநாளைப்போவாருக்கு ஆண்டை இல்லை. இரவில் கோயில் வீதியிலே ஆண்டை உண்டு. பகலில் ஆண்டை இல்லை என்று கற்பித்த ஆசிரியர், இரவில் ஆண்டையின் கடுமொழி கேட்டு நந்தனோடு சேர்ந்து அழுதார். மறுநாள் வகுப்பிலே அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லார்.

யாப்பருங்கலக் காரிகையும் நன்னூலும் கற்பிக்கும் தொழிலினன் யான். பேச்சு வழக்கை மாணவர் கட்டுரையிற் கண்டால் சிவப்பு மையாற் கோடிடுவது என் கடமை. அதனைச் செய்தும் வருகின்றேன். அந்தச் சிவப்பு மையைத் தொட்ட விரலே, தில்லை எல்லையில் நின்று நந்தன் உட்புக உத்தரவு வேண்டும் மாஞ்சி இராகப் பாட்டுக்கு மேசையிலே தாளம் போடுகின்றது. இதனை மாணவர்க்கு ஒளிக்க யான் முயல்வதில்லை. கட்டுரை வேறு, கீர்த்தனை வேறு என்பதை அவர்கள் அறிதல் நன்று.

பிழை பிழையே. கீர்த்தனையில் உள்ள இலக்கணப் பிழையை அருட்பாட்டு என்று சொல்லிச் சரியாக்கல் வேண்டா. ஆனால் ஒன்று நோக்குதல் வேண்டும். பண்ணையாள் ஒருவன் தன் ஆண்டை முன் கைகட்டி நின்று விடை கேட்கும் பேச்சைச் செந்தமிழ் வெண்பாவில் அமைத்தால் பிழையிராது, பண்ணையாளும் இரான். பிழை என நாம் கோடிடும் சொற்களிலேயே அவன் மூச்சு நிற்கின்றது. தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கு நாடியவர். வழக்கை நாடாத புலமை தொல்காப்பியத்திற்கும் பாதியளவே உரியது.

இப்பாட்டின் ஆற்றலை நன்கு அறிந்தவர் மற்றொரு பாரதியார். எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதியார், ஆண்டை நந்தனை ஏசும் பாட்டின் மெட்டையே எடுத்து, விடுதலை கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி ஏசுவதாகப் புதுப்பாட்டு அமைத்தார். கேட்ட அளவிலே மக்கள் விளங்கிக்கொண்டனர். அதிகாரி ஆண்டையானான், நாடே நந்தனாயிற்று. இந்த ஒப்புமையை விளக்க வேறொரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை, மெட்டே விளக்கிற்று. புலவர் நாணிய பாட்டு ஒரு நாட்டின் அரசியலுக்குச் சொல்லாட்சி வழங்கியது.

குறையும் கூறுதல் கடன். ஆண்டையைக் காலில் விழச்செய்த பாரதியார், தில்லையில் எரியை அவிக்கவில்லை. சேக்கிழார் வழியே நந்தனைத் தீயிற் புகுத்தி, வேறு வடிவில் வெளிப்படுத்திய பின்னரே உள்ளே விட்டார். உழைத்த உடம்போடே அவனை ஏன் உள்ளே விடலாகாது என்ற வினாவைப் பிற்காலத்தவர் எழுப்பினர். புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்று சிறுகதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதை என்று நாடகம் எழுதினார். அவ்வினா எழுவதற்கு நந்தனை மக்கள் நெஞ்சில் வாழவைத்ததும் கோபாலகிருஷ்ண பாரதியாரே.

நம் நாட்டையும் சிறிது எண்ணுதல் வேண்டும். இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும், நந்தன் சரித்திரத்தை விடிய விடியக் கேட்டுக் கண்ணீர் வடித்த ஊர்களிலே, நந்தன் குலத்தார்க்குக் கோயிற் கதவு அடைத்தே கிடந்தது. வீதியிலே பாட்டு நடந்தது; அப்பாட்டுக்குப் பறை முழக்கியவர் வீதியிலேயே நின்றார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்ல வேண்டி மக்கள் நின்றதையும், அவர்கள் தடுக்கப்பட்டதையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. நாணவேண்டியது எதற்கு என்று இங்கே தெளியலாம். பிழையுள்ள பாட்டைக் கேட்டு உருகியதற்கு நாணினோம். உருகியபின் எழுந்து சென்று கதவைத் திறக்காததற்கு நாணினோமில்லை. பிள்ளையவர்கள் திண்ணைப் பாட்டைக் கேட்டு உருகியவுடன் எழுந்தார், வெளியே வந்தார், மறுத்து வந்ததைக் கொடுத்தார். அவருடைய கண்ணீர் ஒரு செயலாக முடிந்தது. பாட்டுக்கு அதைவிட உயர்ந்த பாயிரம் இல்லை.

பிள்ளையவர்கள் 1876இல் சிவபதம் அடைந்தார். பாரதியார் அதன் பின்னும் மாயூரத்தே வாழ்ந்து, மனைவி மக்கள் என்று எவருமின்றி, தில்லைக் கூத்தனையே துணையாகக் கொண்டு உலக வாழ்வை நீத்தார். அவர் வைத்துச் சென்றது பாட்டு ஒன்றே. ஆசிரியப் பெருமக்கள் பெரியபுராணத்துத் திருநாளைப்போவாரைக் கற்பிக்கும் நாளில், பாரதியாரின் நந்தனையும் வகுப்பிலே ஒருமுறை பாடுவித்தல் வேண்டும். இரண்டும் எங்கே ஒத்தன, எங்கே மாறின, அந்த ஆண்டை ஏன் வந்தார் என்று மாணவரைக் கேட்டல் வேண்டும். விடை இலக்கணத்தில் மட்டும் இல்லை என்பதை அவர்களே காண்பர்.